சாமி முன்னால் வைத்த டயர்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு சரஸ்வதி பூஜை அன்று நடந்தது இது. இடம், பெரகல சந்திக்கு மேலே மலையில் இருக்கும் ஒரு தேயிலைத் தோட்டத்தின் கடைசி டிவிஷன். அதற்கு மேல் காடுதான். தார் ரோட்டிலிருந்து அங்கே போக நாலு மைல். நாலு மைலும் கல் ரோட்டு. எந்தக் காலத்திலோ பதித்த கல் பாதி பெயர்ந்துபோய், மீதி கூராக நிமிர்ந்து நிற்கும். மழை நாளில் ஆட்டோ ஏறாது, ஆம்புலன்ஸ் ஏறாது. நான் ஓட்டிய ஜீப் மட்டும் ஏறும்.

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவியிருக்கிறேன். வெலிமடையில் கிழங்கு மூட்டை தூக்கியிருக்கிறேன். லொறியில் கிளீனராக ஏறி, அப்படியே ஓட்டவும் பழகிக்கொண்டேன். ஒரே இடத்தில் ஒரு வருடத்துக்கு மேல் என் கால் தரித்ததில்லை. அந்த டிவிஷனில் மட்டும் இரண்டு வருடம் இருந்தேன். லயத்து வரிசை வீடுகளில் எனக்குக் கொடுத்த காம்பராவுக்குப் பக்கத்துக் காம்பராவில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். நான் அண்ணன், அக்கா என்று கூப்பிடுவேன். அண்ணன் தேயிலைச் செடிகளுக்குக் கவ்வாத்து வெட்டுபவர், அக்கா கொழுந்து எடுப்பவர். ஒரே மகள் கொழும்பில் கார்மெண்டில் வேலை. வந்த மூன்றாம் நாளே அக்கா காலையில் என் கதவைத் தட்டி ரொட்டியும் சம்பலும் வைத்துவிட்டுப் போனார். அதன் பிறகு ஒரு நாளும் அது நின்றதில்லை.

ஜீப் பண்டாரவளையில் கடை வைத்திருக்கும் ஒரு முதலாளியுடையது. மேலே போகும்போது அரிசி, கோதுமை மா, காஸ் சிலிண்டர் ஏற்றுவேன். கீழே வரும்போது லயத்து ஆட்கள் போட்ட மரக்கறி வரும். நோயாளிகளும் பிள்ளை பெறப் போகிறவர்களும் அதே வண்டியில்தான் வருவார்கள். ஆகவே அந்த ரோட்டில் டயர் போனால் அது என் தலைவலி மட்டும் இல்லை என்பதை நான் சீக்கிரமே தெரிந்துகொண்டேன்.

நான் பொறுப்பெடுத்தபோது ஸ்பெயார் டயர் பின் கதவில் தொங்கியது. கல் ரோட்டில் குலுங்கிக் குலுங்கி, ஒரே மாதத்தில் கீல் உடைந்து, கதவும் டயருமாகத் தேயிலைக்குள் உருண்டு போய்விட்டது. தேடி மேலே கொண்டுவர அரை நாள் ஆனது. பிறகு உள்ளே படுக்கப் போட்டுப் பார்த்தேன், ஆட்களுக்குக் கால் வைக்க இடமில்லை. முன்னால் பொனட் மேல் வைத்தால் வளைவில் ரோட்டோரம் கண்ணுக்குத் தெரியவில்லை. கடைசியில் பட்டறைக்குக் கொண்டுபோய், கதவைத் தொடாமல் சேஸிச் சட்டத்திலிருந்தே ஒரு இரும்புக் கை வெல்டிங் வைத்து, அதில் டயரை மாட்டினேன். மூன்று போல்ட், ஒவ்வொன்றுக்கும் இரண்டிரண்டு நட்டு. சத்தம் போடாமலும் தேயாமலும் இருக்க நடுவில் பழைய டியூபை வெட்டி வைத்தேன்.

ஒன்று போதாது என்பதையும் அந்த ரோட்டுதான் சொல்லித் தந்தது. முன் டயரைக் கிழிக்கிற கல் பின் டயரையும் விடாது. ஆகவே இரண்டாவது டயரைக் கூரை மேல் படுக்க வைத்துக் கட்டினேன். டயர் மேல் கயிறு போட்டால் மழையில் வழுக்கும். ரிம்மின் ஓட்டை வழியாக விட்டுக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்ட வேண்டும். மழை விட்டதும் ஏறி உள்ளே தேங்கிய தண்ணீரைச் சாய்த்து ஊற்றுவேன். இல்லாவிட்டால் டெங்கு பார்க்க வரும் நுளம்புக்கார ஐயா வந்து வழக்குப் போடுவார்.

இதையெல்லாம் பார்த்து அக்காவுக்கு ஒரே சிரிப்பு. கொழுந்து நிறுக்கும் இடத்தில் எல்லாப் பெண்களும் கேட்கச் சொல்வார்.

"எங்க தம்பிக்கு ரெண்டு சம்சாரம். ஒண்ணு முதுகுல, ஒண்ணு தலையில."

அண்ணன் பீடியை எடுத்துவிட்டு மெதுவாகச் சொல்வார், "ரெண்டும் வாய் தொறக்காது. குடுத்து வச்சவன்."

"இன்னைக்கு ராத்திரி நீங்களும் போய் டயர்கிட்டயே சோறு கேளுங்க" என்பார் அக்கா.

தோட்டத்தில் சரஸ்வதி பூஜைக்கு அவரவர் வேலை செய்கிற சாமானைக் கழுவிக் கொண்டுபோய்க் கோயிலில் வைப்பார்கள். கவ்வாத்துக் கத்தி, மண்வெட்டி, அலவாங்கு, கொழுந்துக் கூடை, பிள்ளைகளின் புத்தகம் எல்லாம் அம்மன் முன்னால் வரிசையாக இருக்கும். பூசாரி பொட்டு வைத்து, சூடம் காட்டி, வெள்ளைத் துணியால் மூடிவிடுவார். மறுநாள் காலை மறுபூஜை போட்ட பிறகுதான் எடுக்க வேண்டும். அதுவரை யாரும் தொடக் கூடாது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோதும் அப்படித்தான், இப்போதும் அப்படித்தான்.

அதுவரை எந்தப் பூஜையிலும் நான் வைக்க ஒன்றும் இருந்ததில்லை. கழுவிய கோப்பை கடைக்காரருடையது. தூக்கிய மூட்டை வேறு யாருடையதோ. முதல் தடவையாக என் பொறுப்பில் சாமான் இருக்கிறது என்ற பெருமை எனக்கு. இரண்டு டயரையும் இறக்கிச் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். ஜாக்கி, நட்டுக் கழற்றும் சாவி, காற்றடிக்கும் பம்ப், சின்னச் சாவிகள் எல்லாவற்றையும் துடைத்தேன். கோயில் ரோட்டிலிருந்து நூற்றைம்பது படி மேலே. நாலு நடையாகத் தலையில் வைத்து ஏற்றினேன்.

பூசாரி பார்த்துவிட்டு, "எல்லாத்தயும் ஏன் தம்பி தூக்கிட்டு வர்ற? டிரைவர் ஆளுங்க ஒரு சாவியக் கொண்டு வந்து வைப்பாங்க, அவ்வளவுதான்" என்றார்.

"எல்லாமே வேலை செய்யுதுங்க சாமி. எல்லாத்துக்கும் பொட்டு வைங்க" என்றேன்.

சிரித்துக்கொண்டே வைத்தார். கீழே வந்து ஜீப்புக்கும் சந்தனம் பூசி, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்கி, பூஜையை முடித்தோம். அப்போது காலை பத்து மணி இருக்கும். மாலை ஆறு மணிக்குக் கோயிலில் பொங்கல்.

அந்தப் பொங்கலுக்கு விறகு குறைவாக இருந்தது. மத்தியானம் அக்காவும் இன்னும் இரண்டு பெண்களும் சவுக்கு மரங்கள் நிற்கிற பக்கம் விறகு பொறுக்கப் போனார்கள். காய்ந்த கிளையை இழுத்தபோது மேலே இருந்த குளவிக் கூடு கலைந்துவிட்டது. மற்ற இரண்டு பேரும் மழைத் தண்ணீர் ஓடும் கானுக்குள் படுத்துத் தப்பிவிட்டார்கள். அக்கா ஓடினார். குளவி ஓடுகிறவரைத்தான் துரத்தும்.

கூச்சல் கேட்டு நாங்கள் போனபோது, அண்ணன் படங்குச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு உள்ளே போய் அக்காவை இழுத்து வந்திருந்தார். அண்ணனுக்கும் ஏழெட்டுக் கொட்டு. அக்காவுக்கு விழுந்த கொட்டை எண்ண முடியவில்லை. முகம், கழுத்து, கை எல்லாம். கண் வீங்கி மூடத் தொடங்கியிருந்தது. நேரம் ஒரு மணி நாற்பது. போனில் பார்த்ததால் தெரியும். லயத்துப் பையன் ஒருவன் சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு ஏறி ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு, பெரகலையிலிருந்து வந்து எங்கள் ரோட்டு வாயில் நிற்கச் சொன்னான். கல் ரோட்டில் ஏற மாட்டார்கள், அது எல்லாருக்கும் தெரியும். அங்கே வரை கொண்டுபோக வேண்டியது நான். முக்கால் மணி நேர ஓட்டம்.

பூஜை போட்ட வண்டியை மறுநாள் வரை எடுக்கக் கூடாதுதான். ஆனால் அதை யாரும் நினைக்கவும் இல்லை, பேசவும் இல்லை. ஸ்டார்ட் செய்து திருப்பினேன். அக்காவைப் பின்னால் படுக்க வைத்தார்கள். துணைக்கு லயத்து இளைஞர்கள் இரண்டு பேர் ஏறினார்கள். அண்ணன் கடைசியாக ஏறப் போனவர், பின்னால் வெறுமையாக இருந்த இரும்புக் கையைப் பார்த்து நின்றார். எத்தனையோ தடவை என்னோடு சேர்ந்து அந்த ரோட்டில் டயர் மாற்றியவர் அவர்.

"தம்பி, டயர் எங்க?"

"கோயில்ல இருக்குண்ணே."

"எடுத்துக்கிட்டுப் போயிருவமா?"

"பூச போட்ட வண்டிண்ணே. இன்னைக்கு ஒண்ணும் ஆகாது."

அவர் என் முகத்தை ஒரு நொடி பார்த்தார். பிறகு ஏறிக்கொண்டார்.

படி ஏறி இறங்க நேரம் போயிருக்கும் என்று பிற்பாடு பலரிடம் சொல்லியிருக்கிறேன். அது உண்மைதான், பத்து நிமிடமாவது ஆகியிருக்கும். ஆனால் அந்த நேரத்தில் என் மனதில் இருந்தது பத்து நிமிடக் கணக்கு இல்லை. சாமி முன்னால் வைத்ததை மறுபூஜைக்கு முன் எடுக்கக் கூடாது, எடுத்தால் ஏதாவது ஆகிவிடும் என்ற பயம் இருந்தது. எலுமிச்சம்பழம் நசுக்கிய வண்டிக்கு ஒன்றும் ஆகாது என்ற தைரியமும் இருந்தது. இரண்டும் சேர்ந்துதான் என்னை இழுத்துக்கொண்டு போயின.

முதல் ஒன்றரை மைல் நன்றாகவே போனது. அக்கா பேசிக்கொண்டு வந்தார்.

"தம்பி, மெதுவா ஓட்டு. கொடலு வெளிய வந்துரும் போல."

"சரிக்கா."

"பொங்கலுக்கு அரிசிய ஊற வச்சிட்டு வந்துட்டேன். யார்கிட்டயாச்சும் சொல்லணும்."

"நீ பேசாம படு" என்றார் அண்ணன்.

மழை பிடித்துக்கொண்டது. பாதி வழியில் ஒரு மதகு இருக்கிறது. அதன் விளிம்பில் ஒரு கல் உடைந்து நிற்கும். எனக்குத் தெரிந்த கல்தான். எப்போதும் உள்பக்கமாக ஒதுங்கிப் போவேன். அன்றைக்கு அந்த உள்பக்கத்தில் மழைத் தண்ணீர் மண்ணை அரித்துப் பள்ளம் விழுந்திருந்தது. பள்ளத்துக்குப் பயந்து வெளிப்பக்கம் எடுத்தேன். முன் இடது டயரின் பக்கவாட்டை அந்தக் கல் ஒரு முழம் கிழித்துவிட்டது. காற்று போன சத்தம் மழையிலும் கேட்டது.

ரிம்மிலேயே ஓட்டிப் பார்த்தேன். ஐம்பது அடி போயிருக்கும். டயர் கழன்று ஸ்டியரிங் வெளிப்பக்கச் சரிவை நோக்கி இழுத்தது, நான் உள்பக்கம் ஒடித்தேன். ரிம் கல்லில் அடித்து நெளிந்தது. வண்டி கானில் சாய்ந்து நின்றுவிட்டது. பின்னால் இருக்கும் நீளப் பலகை ஆசனத்தைக் கழற்றி அக்காவை அதில் வைத்துத் தூக்கலாம் என்றான் ஒரு இளைஞன். நல்ல யோசனை. ஆனால் கழற்றுகிற சாவியும் கோயிலில்தான் இருந்தது.

கம்பளியில் போட்டு நாலு பேரும் நாலு மூலையைப் பிடித்தோம். இரண்டு மைலுக்கு மேல். மழை, வழுக்குகிற கல், நனைந்து கனக்கிற கம்பளி. நூறு அடிக்கு ஒரு தடவை கை மாற்ற வேண்டியிருந்தது. அண்ணனின் கை குளவி கொட்டி வீங்கியிருந்தது, விரல் மடங்கவில்லை. மணிக்கட்டில் கம்பளியைச் சுற்றிக்கொண்டு பிடித்தார். அக்கா கொஞ்ச தூரம் "தொண்ட அடைக்குது" என்று சொல்லிக்கொண்டு வந்தார். பிறகு மூச்சு இழுக்கிற சத்தம் மட்டும் வந்தது. தார் ரோட்டுக்கு வந்தபோது மணி மூன்றரை தாண்டிவிட்டது. ஆம்புலன்ஸ் அங்கே ஒரு மணி நேரத்துக்கு மேலாகக் காத்து நின்றது.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் என்னிடம், "எத்தனை மணிக்குக் கொட்டினது?" என்று கேட்டார். ஒன்று நாற்பது என்றேன். எழுதினார். சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தார்.

நாலேமுக்காலுக்கு அக்கா இறந்துபோனார்.

வெளியே வந்த டாக்டரைப் பின்தொடர்ந்து போய், முந்தி வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டேன். அவர், "நிறையக் கொட்டியிருக்கு. அப்படிச் சொல்ல ஏலாது" என்றார். அந்த "ஏலாது" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அன்று இரவு ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தேன்.

குளவி கொட்டிச் செத்தால் விசாரணை முடிந்துதான் உடம்பைத் தருவார்கள். மறுநாள் மத்தியானம் ஆகும் என்றார்கள். அண்ணன் அங்கேயே இருந்தார். நான் விடிந்ததும் முதல் பஸ்ஸில் வந்து ரோட்டு வாயில் இறங்கி, கல் ரோட்டில் மேலே நடந்தேன். வழியில் என் ஜீப் சந்தனப் பொட்டோடு கானில் சாய்ந்து நின்றது. நிற்காமல் நடந்தேன். டயரை எடுக்க வேண்டும். அக்காவை மேலே கொண்டுவர வேறு வண்டி இல்லை.

கோயில் படியில் ஏறும்போது மேலே ஆட்கள் நிற்பது தெரிந்தது. தோட்டத்தில் சாவு விழுந்தால், அடக்கம் முடியும் வரை கோயிலைத் திறக்க மாட்டார்கள், பூஜை கிடையாது. ஆகவே மறுபூஜை போடவில்லை. ஆனால் கதவு திறந்திருந்தது. பூசாரி வெள்ளைத் துணியை விலக்கி, மண்வெட்டியையும் அலவாங்கையும் ஒவ்வொன்றாக எடுத்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தார். குழி வெட்டுகிற ஆட்கள் வாங்கிக்கொண்டார்கள். டிவிஷனில் இருந்த எல்லா மண்வெட்டியும் அந்தத் துணிக்குக் கீழேதான் இருந்தன. வேறு எதை வைத்து வெட்டுவது?

நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"மறுபூச போடாம எடுக்கலாமாங்க, சாமி?"

"அவசரத்துக்குத்தானே தம்பி கேக்குறாங்க. ஒரு சூடத்தக் காட்டி மன்னிப்புக் கேட்டுட்டு எடுத்துக் குடுக்க வேண்டியதுதான். அவளுக்குத் தெரியாதா?" என்று அம்மனைக் கையால் காட்டினார்.

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் என்ன நினைக்கிறேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

"நேத்து நீ வந்து ஒரு வார்த்த..." என்று தொடங்கியவர் அதோடு நிறுத்திக்கொண்டார். உள்ளே போய், தானே டயரை நிமிர்த்தி, வாசல் வரை உருட்டிக் கொண்டுவந்து என் பக்கம் விட்டார்.

இரண்டு டயரையும் ஜாக்கியையும் சாவிகளையும் ஒவ்வொன்றாகக் கீழே இறக்கி, இரண்டு பேரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு மதகு வரை உருட்டிப் போனேன். ஜாக்கிக்குக் கீழே தட்டையான கல் தேடி வைத்து, வண்டியைத் தூக்கி, நெளிந்த ரிம்மைக் கழற்றி, நல்ல டயரை மாட்டி, நட்டை இறுக்கினேன். முடிந்ததும் போனைப் பார்த்தேன். பன்னிரண்டு நிமிடம். அதோடு படி ஏறி இறங்கும் பத்து நிமிடத்தையும் கூட்டினேன். அதற்கு மேல் கூட்ட ஒன்றும் இருக்கவில்லை.

அந்த டயரில்தான் அக்கா அன்று பின்நேரம் மேலே வந்தார். கொழும்பிலிருந்து வந்த மகள் பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து வந்தாள். கல்லில் குலுங்கும்போதெல்லாம் பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்தாள். அந்த மதகு வந்தபோது வண்டியை நிறுத்தி, இறங்கிப் போய்ப் பள்ளத்தில் கல் போட்டு நிரப்பிவிட்டு, உள்பக்கமாக எடுத்தேன். அண்ணன் ஏன் நிறுத்தினாய் என்று கேட்கவில்லை.

அவர் என்னைக் குறை சொல்வார் என்று ஒவ்வொரு நாளும் எதிர்பார்த்தேன். சொன்னால் கொஞ்சம் லேசாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். லயத்தில் யாரும் சொல்லவில்லை. குளவிக்கு யார் என்ன செய்ய முடியும் என்றார்கள், விதி என்றார்கள். டயர் கோயிலில் இருந்தது பற்றி எவரும் பேச்செடுக்கவில்லை. எல்லாருக்கும் தெரியும் என்பதால்தான் பேசவில்லை என்று எனக்குத் தோன்றும்.

கருமாதி முடிந்த வாரம், மரணச் சான்றிதழ் விஷயமாக அண்ணன் பதுளைக்குப் போக வேண்டியிருந்தது. காலையில் ஜீப்பை லயத்து முன்னால் நிறுத்தினேன். சட்டையை மாற்றிக்கொண்டு, கடிதாசிகளை ஒரு பிளாஸ்டிக் பையில் சுருட்டிக்கொண்டு வந்தார். ஏறவில்லை. நேராக வண்டியின் பின்பக்கம் போனார். இரும்புக் கையில் மாட்டியிருந்த டயரை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். குனிந்து மூன்று போல்ட்டிலும் நட்டைத் தொட்டுப் பார்த்தார். பிறகு தலையை உயர்த்திக் கூரை மேல் இருந்ததையும் பார்த்தார். அதன் பிறகு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"போவமா தம்பி" என்றார்.

வண்டியைக் கல் ரோட்டில் இறக்கினேன்.

இரண்டு மாதம் கழித்து அந்தத் தோட்டத்தை விட்டு வந்துவிட்டேன். இப்போது மொனராகலைப் பக்கம் வேறொருவரின் வண்டி ஓட்டுகிறேன், அங்கேயும் கல் ரோட்டுதான். அண்ணன் குறை சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன், அழுதிருப்பேன், மன்னிப்புக் கேட்டிருப்பேன். அன்று டயரைக் கேட்டிருந்தால் சாமியும் தந்திருக்கும், பூசாரியும் தந்திருப்பார். கேட்காமலே, கிடைக்காது என்று முடிவு கட்டியவன் நான்தான் என்பதை, ஒரு வார்த்தையும் பேசாமல் அந்த மனிதர் டயரை ஆட்டிப் பார்த்த அந்தக் காலை எனக்கு இன்னும் சொல்லிக்கொண்டே இருக்கிறது.